அம்மா ஏறாத பிளசர்

மண்ணெண்ணெயில் நனைத்த பழைய வேட்டித் துணியின் நாற்றம் விரல் இடுக்கில் ஏறிவிட்டால், அன்று முழுக்கச் சோற்றிலும் அதுதான் மணக்கும். பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊர் மிராசுதார் வீட்டு "பிளசரை", அதாவது அம்பாசடர் காரை, பத்து வயதில் தினமும் துடைத்தவன் நான். முன்பக்கத்துக் கம்பி வலையின் பொடிப் பொடிக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை விட்டு அழுக்கை எடுக்க வேண்டும். பெரிய விளக்குகளுக்குக் கீழே, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போல உருண்டையாக இரண்டு குட்டி விளக்குகள் இருக்கும். அவற்றுக்கு மட்டும் சாம்பல் போட்ட துணி. "கீறல் விழுந்துச்சு, தோல உரிச்சிடுவேன்" என்று மிராசுதார் நாற்காலியில் இருந்தபடியே சொல்வார். துடைக்கலாம், கதவைத் திறக்கக் கூடாது.

பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் அந்த விரல்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது. நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போனவர்கள் கொட்டகையில் போட்டுவிட்டுப் போன ஓட்டை அம்பாசடர்களை வாங்கி, பிரித்து, பூட்டி, ஓட்டி, விற்றே நான் மேலே வந்தேன். இன்று என் லாரிகளும் அறுவடை மெஷின்களும் பட்டுக்கோட்டை வரைக்கும் போகின்றன. யார் தயவிலும் ஒரு சக்கரம்கூட வாங்கவில்லை. ஒரு அம்பாசடரின் மூஞ்சியைக் காட்டினால் எந்தக் காலத்து மாடல் என்று தூக்கத்திலும் சொல்வேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

இதை எழுத வைத்தது ஒரு டிவி சீரியல். மிராசுதாரின் பேரன் சென்னையில் கதை எழுதுகிறவனாம். தன் தாத்தாவின் கதை என்று சொல்லி, சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு ஓடவிட்டிருக்கிறான். அதில் ஒரு நாள், பிரசவ வலியில் துடிக்கும் பண்ணையாள் பெண்டாட்டியை மிராசுதார் தன் இரண்டு கையாலும் தூக்கிக் காரின் பின் சீட்டில் கிடத்தி, கொட்டும் மழையில் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிறார். பிள்ளை பிழைக்கிறது. அந்தப் பெண் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சாகிறாள். "இது உண்மையில் நடந்தது, இதே கார்தான்" என்று பேரன் பேட்டியும் கொடுத்தான்.

அந்தப் பண்ணையாள் பெண்டாட்டி என் அம்மா. பிழைத்த பிள்ளை என் தங்கை செல்வி, பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். "அண்ணே, நம்ம அம்மாவ மெத்தை போட்ட கார்லயா கொண்டு போனாங்க! இத்தன நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று போனில் அழுதாள். அம்மா ஆஸ்பத்திரியில் போய்விட்டாள் என்று மட்டும் சொல்லி அப்பா அவளை வளர்த்திருந்தார். நடுரோட்டில் பிறந்தவள் என்று ஊர் பேசக் கூடாது என்பது அவர் எண்ணம். இப்போது அண்ணனும் தங்கையும் அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்று, மிராசு குடும்பத்துக்கு நன்றி சொல்வதைச் சீரியலுக்காகப் படம் பிடிக்க வேண்டுமாம். செல்வி என்னையும் சேர்த்துச் சரி என்று சொல்லிவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு ஆயுத பூசை. குறுவை அறுப்பு முடியும் சமயம். காலையில் நானே அந்த பிளசரைக் கழுவி, அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, சாமந்தி மாலை கட்டியிருந்தேன். மத்தியானம் அம்மாவுக்கு வலி கண்டது. பொழுது சாய்வதற்குள் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அப்பாவும் நானும் மிராசு வாசலில் போய் நின்றோம்.

"பூசையில வச்ச வண்டிய விஜயதசமி தீபாராதனை காட்டாம நகத்தக் கூடாதுன்னு தெரியாதாடா உனக்கு?" என்றார் மிராசுதார். "அதுவும் பிள்ளைத் தீட்டோட வந்து நிக்கிற."

"உசுருங்கய்யா" என்றார் அப்பா.

"நாளைக்கு விடியட்டும், பாப்போம்."

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா குரல் கொடுத்தாள்: "சுண்டல் வச்சிருக்கேன், அந்தப் பயல வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க." வாழையிலைக் கிழிசலில் சுண்டலை என் கையில் கொட்டினார்கள். அதை அந்த வாசலிலேயே போட்டேன்.

ஊரில் இருந்த பார வண்டிகளும் அவர்களுடையவைதான். அவையும் சந்தனம் பூசிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நின்றன. அன்று எங்கள் ஊரில் உருண்ட சக்கரம் ஒன்றே ஒன்று. அது தேங்காய் ஏற்ற வந்த அய்யம்பேட்டை சுல்தான் பாயின் மாட்டு வண்டி. நாங்கள் அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கி வந்ததைப் பார்த்ததும் பாய் வண்டியை நிறுத்தினார். "யோவ், பொம்பளைய நடுரோட்டுல வச்சுக்கிட்டு என்னத்தப் பாக்குற, ஏத்துய்யா!" என்று சத்தம் போட்டுக்கொண்டே, ஏற்றியிருந்த தேங்காய் அவ்வளவையும் வாய்க்கால் கரையில் கவிழ்த்தார். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அய்யம்பேட்டையில் தன் வீட்டு வாசலில் நிறுத்திக் கூப்பிட, அவர் மனைவி மறு கேள்வி கேட்காமல் ஏறி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். செல்வி அந்த வண்டியில் பிறந்தாள். அந்த அம்மா தன் வெள்ளைத் துப்பட்டியில்தான் அவளைச் சுற்றினார். பசுபதிகோவில் தாண்டுவதற்குள் என் அம்மா போய்விட்டாள்.

படப்பிடிப்பு மிராசுதாரின் பழைய வீட்டு வாசலில். நான் போய்ச் சேர்ந்தபோது செல்வி காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, அந்த ரெக்ஸினைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தாள். நான் காரின் முன்னால் குந்தினேன். கம்பி வலையில் கட்டங்கள் பெரிது பெரிதாக இருந்தன. குட்டி விளக்குகள் சதுரம்.

"தம்பி, இது எந்த வருஷத்து வண்டி?" என்று பேரனைக் கேட்டேன்.

"தாத்தா அறுபத்தாறுல வாங்கினது அங்கிள். நம்பரப் பாருங்க, பழைய மெட்ராஸ் நம்பர், எம்-ல ஆரம்பிக்குது."

நம்பர் பலகையில் விரலை வைத்தேன். இன்னும் காயாத கறுப்புப் பெயின்ட் ஒட்டிக்கொண்டு வந்தது. அவனுடைய வெள்ளைச் சட்டையில் துடைக்கலாமா என்று யோசித்து, என் வேட்டியிலேயே துடைத்தேன்.

"இது மார்க் ஃபோர். எழுபத்தொன்பதுக்கு முன்னால இந்த மூஞ்சியே கிடையாது. எங்கம்மா செத்து, எம் தங்கச்சி பள்ளிக்கூடம் போயி, பாவாடை தாவணி கட்டின பெறகு வந்த வண்டி. உங்க தாத்தா அன்னிக்கு வச்சிருந்தது மார்க் டூ. அதத் தொடச்ச கை இது."

அவன் சிரித்தான். "சீரியல்தானே அங்கிள்? மாடல் எல்லாம் யார் பாக்குறா?"

"நான் பாக்குறேன். இதே கார்னு டிவில சொன்னது யாரு?"

"தாத்தா எங்ககிட்ட அப்படித்தான் சொன்னாரு."

"உங்க தாத்தா எங்கப்பங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு."

செல்வி கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினாள். "எல்லாத்தையும் வெல பேசற மாதிரியே பாப்பியா அண்ணே? அம்மா படுத்த எடத்த ஒரு தடவ தொட்டுக்கிறேன், அதுகூடப் பொறுக்கலியா உனக்கு?"

அவளுக்கு அம்மா என்று இருந்ததே அந்த சீட்டு ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். ஆயுத பூசை, சுண்டல், தேங்காய், துப்பட்டி எல்லாவற்றையும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். கேமராக்காரன் அணைத்துவிட்டான். பேரன், "இதெல்லாம் எதுக்கு இப்போ" என்று முணுமுணுத்துக்கொண்டு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

செல்வி வெகுநேரம் இறங்கவில்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கி, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமலே, "அந்த பாய் வூடு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அய்யம்பேட்டைக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய், பெரியவர்கள் காலமாகி, வீடு கைமாறி, இடித்துக் கட்டி, இப்போது அங்கே செல்போன் கடை. கடைப் பையனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. "என்ன வேணும்க்கா, ரீசார்ஜா?" என்றான். செல்வி கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ரோட்டிலேயே நின்று கை கூப்பினாள். அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

எனக்குக் கும்பிட வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அது குறையவில்லை. சுண்டல் கொடுத்து அனுப்பியவருக்கு வீடு நிற்கிறது, பேரன் இருக்கிறான், தினமும் சாயங்காலம் அவர் பெயரைச் சொல்ல ஒரு டிவி இருக்கிறது. சுல்தான் பாய்க்கும் அவர் மனைவிக்கும் பெயர் எழுதி வைக்க அந்த ஊரில் ஒரு பழைய செங்கல்கூட மிச்சமில்லை. அந்த அம்மாவின் பெயர் என்ன என்று செல்வி கேட்டாள். அது எனக்குத் தெரியாது.