மீட்டருக்குப் போட்ட பனியன்

சோப்புத் தண்ணீர் பாட்டிலும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய், கேஸ் குழாயில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பது என் வேலை. குமிழி வராவிட்டால் நாள் நன்றாகப் போனது என்று அர்த்தம்.

அந்தத் திங்கட்கிழமை மண்ணரை காம்பவுண்டில் இருந்தவர்கள்: பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்த அதிகாரி அம்மா, கேஸ் மோப்பம் பிடிக்கும் கருவியைத் தூக்கி வந்த அவருடைய உதவியாளர், கடைசி வரை காரை விட்டு இறங்காத டிரைவர், எங்கள் சூப்பர்வைசர் தினேஷ், காம்பவுண்டு ஓனர் ஈஸ்வரன், முதல் வீட்டு முத்துலட்சுமி, ஒன்பதாம் வீட்டு சாகுல், அவர் மனைவி பாத்திமா, நான். மொத்தம் ஒன்பது பேர். தணிக்கையில் தப்பு வந்தால் பதினாலு வீட்டுக்கும் கேஸை நிறுத்திவிடுவார்கள். தப்பாக எழுதியது நான் என்று தெரிந்தால் என் வேலையும் போகும். எழுதியது நான்தான். அந்தக் கதை பதினோரு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை ஆரம்பித்தது. கரண்ட் ரீடிங் எடுப்பவர்கள், தண்ணீர் வரி கேட்டுப் போகிறவர்கள் என்று அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று பிழைக்கிற எல்லோருக்கும் இது புரியும்.

பதினாலு உருப்படி

அன்று அந்தப் பக்கம் மாதாந்திர பவர்கட். சின்ன பனியன் கம்பெனிகள் லீவு விட்டிருந்தார்கள். ஆள் இருக்கிற நாள் பார்த்துப் போனேன். பின்பக்கச் சுவரில் பதினாலு மீட்டரும் வரிசையாக இருக்கும். போய்ப் பார்த்தால் மீட்டரைக் காணோம். பதினாலு பனியன் தொங்குகிறது. கிட்டே போனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மீட்டர். கழுத்துக்கு ரிப் பட்டி, அடியில் ஓவர்லாக் தையல், இறுக்கிக் கட்ட நாடா. உள்பக்கம் சைஸ் லேபிள்கூட இருந்தது.

தைத்தது முத்துலட்சுமி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து எட்டு வருஷமாக இங்கே டெய்லராக இருக்கிற பொண்ணு. பக்கத்துப் பனியன் வேஸ்ட் குடோனிலிருந்து பஞ்சு பறந்து வந்து மீட்டரில் அப்பிக்கொள்கிறதாம். போன முறை ரீடிங் எடுக்க வந்தவர் நம்பர் தெரியாமல் எட்டை மூன்று என்று எழுதிவிட்டாராம். அதனால் கம்பெனியில் கழித்துப் போட்ட துணியில், டேப் வைத்து அளந்து, வீட்டுக்கு ஒன்றாகத் தைத்திருக்கிறாள். மூடினால் காற்றுப் போகாது, கசிந்தால் கேஸ் உள்ளேயே நிற்கும், கழற்றிவிட வேண்டும் என்று நான் பக்குவமாகச் சொன்னேன். அவள் வருத்தப்பட்டது வேறு விஷயத்துக்கு.

"அண்ணாச்சி, இழுத்துப்பிடாம மெதுவாக் கழட்டச் சொல்லுங்க, அம்புட்டும் எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

நாடா முடிச்சு

எனக்கு அறுபத்திரண்டு வயது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்ணுவதில் தப்பு வராது, பேசுவதில்தான் கூச்சம். பெண்கள் சுற்றி நிற்கும்போது ஒரு பனியனின் நாடாவை அவிழ்ப்பது, உள்ளே இருப்பது மீட்டர் என்றாலும், என்னால் முடியவில்லை. அந்தந்த வீட்டுக்காரர்களையே கழற்றச் சொன்னேன். ஒவ்வொருவராக வந்து கழற்றினார்கள். நான் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொரு ஜாயிண்டிலும் அறுபது எண்ணிப் பார்த்தேன். பதிமூன்றிலும் குமிழி இல்லை.

ஒன்பதாம் வீடு பூட்டியிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஜெனரேட்டர் வைத்த பெரிய கம்பெனியில் வேலை, அங்கே லீவு இல்லை. இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். முடிச்சு வரைக்கும் கையைக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டேன். படிவத்தில் சோதித்தது பதிமூன்று என்று எழுதினால், பக்கத்தில் 'காரணம்' என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டும். கூச்சம் என்றா எழுதுவது? பதினாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் முழிப்பதைப் பார்த்த முத்துலட்சுமி ஆறுதல் சொன்னாள்.

"பாத்திமா மீட்டருக்கு ஒரு கொறயும் வராது அண்ணாச்சி, அதுக்குத்தான் இருக்கதுலயே கனத்த துணி."

காற்றுப் போகிற துணி

அடுத்த வியாழன் சாயங்காலம், மீட்டரை மூடக்கூடாது என்ற நோட்டீஸைக் கொடுக்கப் போனேன். காற்றுப் போக வேண்டும் என்று நான் சொன்னதை முத்துலட்சுமி மனதில் வாங்கியிருந்தாள். வாங்கிய விதம்தான் வேறு. கழற்றிய பழைய பனியனுக்குப் பதிலாக, கண்ணு கண்ணாக ஓட்டை உள்ள ஸ்போர்ட்ஸ் துணியில் புதிதாகப் பதினாலு தைத்திருந்தாள். பதிமூன்று மீட்டர் விளையாட்டுக்குப் புறப்பட்ட மாதிரி நின்றன. பதினாலாவது அவள் கையில் இருந்தது. பாத்திமா வேலையிலிருந்து வரவில்லை; அந்த வீட்டு ஆள் இல்லாமல் அவர்கள் மீட்டரில் கை வைப்பது மரியாதை இல்லை என்றாள். அதைக் கேட்டு என்னால் அவளுக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

ஓட்டை இருந்தாலும் கூடாது, ஜாயிண்ட் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவைதான் கழற்ற ஒத்துக்கொண்டாள். பதிமூன்றும் இறங்கின. ஒன்பதாம் நம்பர் மட்டும் கனத்த துணியில் அப்படியே நின்றது. மடித்து அடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

"இதப் போட்டுக் கபடி ஆடுறவனுக்கே வேர்வ நிக்காது, ஒங்க கேஸு மட்டும் நின்னுருமா அண்ணாச்சி?"

ஞாயிற்றுக்கிழமை

தணிக்கை திங்கட்கிழமை என்று தகவல் வந்தது. கண்ணை மூடினால் பதினாலு என்று நான் எழுதியது தெரிந்தது. ஞாயிறு காலை சாகுல் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் கட்டிங் மாஸ்டர், பாத்திமா செக்கிங். இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன்: "உங்க மீட்டர நான் பாக்கவே இல்லீங்க. பாத்ததா எழுதிட்டேனுங்க."

பாத்திமா பின்பக்கம் வந்து முடிச்சை அவிழ்த்தார். பனியன் கழன்றதும் கேஸ் நெடி மூக்கில் ஏறியது. சோப்புத் தண்ணீர் தடவினேன். நாலு எண்ணுவதற்குள் கடுகு மாதிரி ஒரு குமிழி, ஒன்பதில் மிளகு மாதிரி, பதினொன்றில் உடைந்து அடுத்தது. வால்வை மூடினேன். அடுப்பு, ஊதுபத்தி, சுவிட்ச் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, தெருவுக்குப் போய் அவசர நம்பருக்குப் போன் செய்தேன். இருபத்திரண்டு நிமிஷத்தில் ஆட்கள் வந்தார்கள். நட்டுக்குள் இருந்த வாஷர் நைந்திருந்தது. மாற்றினார்கள். மறுபடி தடவி, இந்த முறை முந்நூறு எண்ணினேன். ஒரு குமிழிகூட இல்லை.

சாகுல் என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டியிருந்தாலும் சரிதான். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேறொன்று சொன்னார்.

"பத்து நாளா நாத்தம் வருதுன்னு பக்கத்துச் சாயப் பட்டறை டையிங்காரரத்தான் ரெண்டு தடவ சத்தம் போட்டேன், இப்ப அவருகிட்டப் போய் மன்னிப்புக் கேக்கணும், நீங்களும் கூட வாங்க அய்யா."

திருத்திய படிவம்

டையிங்காரரிடம் போய்விட்டு வந்து தினேஷைக் கூப்பிட்டேன். என் மகன் வயது இருக்கும். நல்ல மாதிரி. முழுதும் கேட்டார். பிறகு, படிவம் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது, இப்போதுதான் பதினாலும் சோதித்தாகிவிட்டதே, பதினாலு என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் படிவத்தில் போட்ட தேதி முதல் வியாழக்கிழமை. வியாழக்கிழமைக்குப் பதிமூன்றுதான். அடித்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், ஒன்பதாம் நம்பருக்கு ஞாயிற்றுக்கிழமை தேதியில் தனி வரி எழுதுகிறேன், வேலை போனால் போகட்டும் என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை ஒன்றாக வந்ததை அவர் அன்றுதான் கேட்டிருப்பார்.

"சரிங்கண்ணா, எழுதிக்கலாம், ஆனா அந்தக் காரணம்ங்கற கட்டத்துல என்னங்க எழுதுவீங்க?"

காரணம்

திங்கட்கிழமை அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. அதிகாரி அம்மா முதலில் பதினாலு மீட்டரையும் தானே பார்த்தார். உதவியாளர் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கருவியைக் காட்டினார். ஒன்றிலும் சத்தம் வரவில்லை. ஈஸ்வரன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு அதிகாரி அம்மா படிவத்தைப் புரட்டி, அடித்து எழுதிய இடத்தில் விரலை வைத்து, இது யார் எழுதியது என்றார். நான் முன்னால் வந்தேன். அன்று ஏன் ஒன்று விட்டுப்போனது என்று கேட்டார்.

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். டிரைவர்கூடக் கண்ணாடியை இறக்கிவிட்டார். முத்துலட்சுமியிடம் ஒன்பதாம் மீட்டரின் பனியனை வாங்கி அதிகாரியிடம் காட்டி, "இதக் கழட்டக் கூச்சமா இருந்துச்சுங்க" என்றேன். முதலில் யாரும் சிரிக்கவில்லை. பாத்திமாதான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி அம்மா பனியனைத் திருப்பி, உள்பக்கத் தையலை நகத்தால் நீவிப் பார்த்தார். வியாழக்கிழமை பொய் எழுதியதற்காக எனக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை என்றார். வேலை இருக்கிறது, கேஸும் இருக்கிறது. கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று பேனாவை என் கையில் கொடுத்தார்.

"கூச்சம்னு எழுதினா மேல இருக்கறவங்களுக்குப் புரியாது பெரியவரே, உறை கழற்றப்படவில்லைன்னு எழுதுங்க, இனிமே கூச்சமா இருந்தாலும் கழட்டிருங்க."

மீதி

கனத்த துணியில் பதினாலு, ஓட்டைத் துணியில் பதினாலு, ஆக இருபத்தெட்டு. ஓட்டைத் துணி பதினாலும் வெங்காயம் போட்டுத் தொங்கவிட வீட்டுக்கு ஒன்றாகப் போயின. கனத்ததில் பதினொன்று மிக்ஸிக்கு; மற்ற மூன்று வீட்டிலும் தனி ஆண்கள், மிக்ஸி கிடையாது. ஒன்று தினேஷின் ஹெல்மெட்டுக்கு. ஒன்று, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், என் சோப்புத் தண்ணீர் பாட்டிலுக்கு. அளவு எடுக்காமலே தைத்தது போலப் பொருந்தியது. மாட்டிவிட்டு முத்துலட்சுமி தள்ளி நின்று பார்த்தாள்.

"இது ஒங்க பாட்டிலு அண்ணாச்சி, இதையாவது நீங்களே கழட்டிக்கிடுவீகளா?"

இருபத்தெட்டில் இருபத்தேழு போக மீதி ஒன்று, அது ஒன்பதாம் மீட்டருக்குப் பக்கத்து ஆணியில் பஞ்சு துடைக்கிற துணியாக, நாடா அவிழ்ந்தபடியே தொங்குகிறது.