கோர்ட்டுப் புல்லில் இருபத்தாறு காலடி

நல்லமுத்துவுக்குத் துரைமார் கிளப்பில் புல் பார்க்கிற வேலை கிடைத்தது நாற்பத்தொன்பதாம் வருஷம். அதுவரைக்கும் இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆள். கிளப் வேலை என்றால் லேசுப்பட்டதா? லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் புகைக்குள் கிடந்தவனுக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்த தனி வீடு. வருஷத்துக்கு ஒரு ஜோடி கான்வாஸ் சப்பாத்து. அந்தச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவன் லயத்துப் பக்கம் நடந்து வருகிற வரத்தைப் பார்க்கணுமே! என்னமோ கிளப்பையே அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி. அவன் பெண்சாதி வீரம்மா மட்டும் பழையபடி, கிளப்பை ஒட்டின அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். "ஒரு கால் தோட்டத்துல இருக்கட்டும்" என்பது அவள் கணக்கு. கெட்டிக்காரி.

கிளப்பில் ஒரே ஒரு புல் டென்னிஸ் கோர்ட்டு. அதுதான் நல்லமுத்துவின் உசுரு. தை, மாசி இரண்டு மாசமும் அதைக் காப்பாற்றுவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அந்த மலையின் குளிரைப் பற்றி எழுதிப் புரியவைக்க முடியாது. விடியற்காலையில் பத்தனை என்கிற மலைப் புல்வெளி முழுக்கச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கும். பனியில் தேயிலைக் கொழுந்தே கருகும் என்றால் புல் எந்த மூலைக்கு? பனி உறைந்து நிற்கிற நேரம் புல்லை மிதிக்கவே கூடாது. மிதித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. வெயில் ஏறினதும் கால் பட்ட இடம் மட்டும் பழுக்கும், மறுநாள் கறுத்துப் போகும், மூன்று வாரத்துக்கு அழியாது. அதனால் வெயில் விழுவதற்குள் ஓரமாகச் சுற்றிப் போய், பூவாளியால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவான். வருஷா வருஷம் மாசியில் பொகவந்தலாவைத் துரைமாரோடு ஒரு மேட்ச். அதற்குள் கோர்ட்டில் ஒரு புள்ளி விழுந்தாலும் செக்ரட்டரி துரை வேலையைப் பிடுங்கிவிடுவார். இவனுக்கு முன்னிருந்த தோட்டக்காரனை அனுப்பினது அப்படித்தான்.

லயத்து ஆட்களுக்கோ மாசி என்றால் காமன் கூத்து. அந்தக் குளிரில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது? வேலை விட்டு வந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கவ்வாத்தில் வெட்டின மிலாறுக் குச்சியைக் குவித்துத் தீ மூட்டி, பாலில்லாத சாயத்தண்ணியும் கையுமாகக் காமன் பொட்டலில் உட்கார்ந்துவிடுவார்கள். சிவபெருமான் கண்ணைத் திறந்ததில் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சி பிரிந்து லாவணி பாடுவார்கள். நல்லமுத்து எரியாத கட்சி. அவனை வாயில் மடக்க அந்த மலையிலேயே ஆள் கிடையாது.

அறுபத்தொன்றாம் வருஷம், சனிக்கிழமை மேட்சுக்கு ஐந்து நாள் முன்னால், திங்கட்கிழமை லாவணி இழுத்துக்கொண்டே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை நல்லமுத்து கண் விழித்தபோது ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம். ஐயையோ! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. வெயில் மலை உச்சியில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாளியையும் பிடுங்கிக்கொண்டு மேல்மூலைத் தொட்டிக்கு ஓடினான். பனியை உடைத்துத் தண்ணீர் மொண்டு, மூச்சு வாங்க வாங்கத் தெளித்து முடித்தான். வெயில் விழுந்தபோது புல் நனைந்து பச்சையாக நின்றது. தப்பித்தோமடா சாமி என்று வீட்டுக்கு வந்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ரொட்டி தின்ன உட்கார்ந்தான். பிந்தி எழும்பினதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

பதினோரு மணிக்குக் கோர்ட்டுக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பழுப்பாக ஒரு தடம். வெறுங்கால் தடம். எண்ணினான். இருபத்தாறு.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெறுங்காலா? அப்படியென்றால் லயத்து ஆள்தான். சப்பாத்துப் போடுகிற நல்லமுத்துவுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. தொட்டி மூலைக்குப் பக்கத்தில்தான் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. காலையில் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் வேலியைச் சுற்றாமல் கோர்ட்டுக்குள் விழுந்து ஓடுகிறவர்கள் உண்டு. வேலாயியை இரண்டு தடவை அவனே பிடித்து ஏசியிருக்கிறான். புருஷன் செத்து, இரண்டு பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்து ஆயாவிடம் விட்டுவிட்டுத் தினம் அரக்கப் பரக்க ஓடுகிறவள். அவளைத் தவிர வேறு யார்?

மறுநாள் தடம் கறுத்தது. செக்ரட்டரி துரை வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது பரவாயில்லை.

"யார் மிதிச்சது?" என்றார். "ஆளைக் காட்டு. இல்லாட்டி நீ போ."

"வேலாயி, தொரைகளே. மேல்லயத்து வேலாயி."

வாய் தவறி வந்ததல்ல. நெஞ்சறிய, சத்தியம் பண்ணுகிற மாதிரிச் சொன்னான். வாய்க்காரனுக்கு அதுதான் சனியன், சொல்லச் சொல்ல அவனுக்கே அது நிஜமாகிவிடும்.

துரை ஒரு துண்டு எழுதித் தோட்டத்துப் பெரிய துரைக்கு அனுப்பினார். வியாழக்கிழமை பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் வேலாயிக்குப் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு கொடுத்துவிட்டால் வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியே போக வேண்டும். தொழிற்சங்கத்துத் தலைவரிடம் ஓடினாள். ஹட்டன் ஆபீசுக்கு எழுதிப் போடுகிறேன், பதில் வரப் பதினைந்து நாளாகும் என்றார் அவர். பதினைந்து நாள் அவள் எங்கே கிடப்பாள், பத்தனைக் காட்டிலா? வேறு தோட்டத்தில், பத்துச்சீட்டில் போனவளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அவளுடைய பிரஜாவுரிமை மனுவும் தள்ளுபடியாகி வந்திருந்ததால் வேறெங்கும் போக்கிடமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலாயி நேரே கோர்ட்டுக்கு வந்தாள். நல்லமுத்து ரோலர் இழுத்துக்கொண்டிருந்தான். சோற்றுக்கு வந்த வீரம்மா, கோர்ட்டை ஒட்டின வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே, நான் மிதிச்சதை நீ பாத்தியா?"

"பாக்காட்டி என்ன? ஒன்னைய விட்டா வேற யாரு இந்த வழியா ஓடுறது?"

"செவ்வாக்கெழமை எம்மவனுக்குக் காய்ச்சல். நான் வேலைக்கே போகல. கணக்கப்பிள்ளைகிட்டக் கேளு. இல்லாட்டி இந்தா, பாரு." அவள் விறுவிறுவென்று வந்து கறுத்த தடத்தில் காலை வைத்தாள். அந்தச் சின்னப் பாதத்தைச் சுற்றிலும் கறுப்பு இரண்டு விரல்கடை மிச்சம் நின்றது. அடுத்த தடத்துக்குக் காலை எட்டிப் போட்டாள், எட்டவில்லை. "இதுல ஏங்காலு எங்கய்யா இருக்கு? காட்டு! நீ பெரிய வாய்க்காரனாச்சே, பேசு!"

நல்லமுத்து ரோலர் பிடியை விட்டான். அவள் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவன் குனிந்து தடத்தையே பார்த்தான். நீள நீளமாக எட்டு வைத்த தடம். வாளி இரண்டோடு தலைதெறிக்க ஓடினவனின் எட்டு. வலது கால் பெருவிரல் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் கத்தி பட்டுச் சாய்ந்துபோன விரல் அது. சப்பாத்தைக் கழற்றினான். காலை வைத்தான்.

அச்சாகப் பொருந்தியது.

வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தொட்டிக்கு ஓடினது ஞாபகம் இருந்தது. எந்த வழியாக ஓடினோம் என்பது மட்டும் இத்தனை நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை. வரவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"வீரம்மா, அது நான்தான் புள்ள."

"தெரியும்" என்றாள் வீரம்மா.

"என்ன தெரியும்?"

"புதன்கெழமையே தெரியும். பன்னெண்டு வருஷமா ஒங்க காலுக்கு வெந்நி ஊத்துறேன், அந்த வெரல் எனக்குத் தெரியாதா? வாயைத் தொறக்காதீங்க. சொல்லிட்டு நாம எங்க போறது? மறுபடி அந்தப் பொகைக்குள்ளயா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் அவ மேல இரக்கம் இல்லைன்னு நெனைக்கிறீங்களா? ரெண்டு நாளா ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு."

அவளை ஏச அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளப் விறாந்தையில் போய் நின்றான்.

"தொரைகளே, கோர்ட்டை மிதிச்சது நான்தானுங்க. பிந்தி எழும்பிட்டேன், தண்ணிக்குக் குறுக்கால ஓடிட்டேன். வேலாயி மேல ஒரு தப்பும் இல்லீங்க."

செக்ரட்டரி துரை கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. உன் விஷயம் மேட்ச் முடிஞ்ச பிறகு. இப்போ போய் நெட் கட்டு, கோடு போடு."

"அந்தப் பொம்பளையோட சீட்டு, தொரைகளே?"

"அது தோட்டத்து விஷயம். எனக்குத் தெரியாது."

தெரியாதாம்! துண்டு எழுதின மை இன்னும் காயவில்லை, தெரியாதாம்! பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நல்லமுத்து துரை முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். நெட்டும் சுண்ணாம்பும் ஸ்டோருக்குள் இருந்தன. ஸ்டோர் சாவி அவன் மடியில் இருந்தது.

"வேலாயிக்குச் சீட்டு இல்லைன்னு பெரிய தொரை கையால எழுதித் தரட்டும். அப்பத்தான் கதவைத் தொறப்பேன்."

சொல்லிவிட்டுப் போய் ரோலர் மேல் உட்கார்ந்துவிட்டான். துரை முகம் சிவந்து பின்னாலேயே வந்தார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கதவை உடைப்பேன் என்றார்.

"ஒடைங்க தொரைகளே. கோடு யாரு போடுவா?"

கயிறு பிடித்து அந்தக் கோர்ட்டுக்குக் கோடு போடத் தெரிந்த ஆள் கிளப்பில் வேறு யாருமில்லை. ஒன்றரை மணி நேர வேலை. மேட்ச் இரண்டு மணிக்கு. பதினொன்றாயிற்று. பதினொன்றரை. பொகவந்தலாவைக் கார்கள் வளைவில் ஏறுகிற சத்தம் கேட்டது. சமையல்கட்டு அப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் வீரம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். எழும்பி ஓடிப் போய்த் துரை காலில் விழுந்துவிடலாமா என்று நல்லமுத்துவுக்கு இரண்டு தடவை தோன்றியது. மடியில் சாவியை இறுக்கிக்கொண்டான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, செக்ரட்டரி துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டதில் பெரிய துரையின் கார் வந்தது. இரண்டு துரைமாரும் விறாந்தையில் நின்று இங்கிலீஷில் என்னமோ பேசினார்கள். பெரிய துரை இவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடுதாசி கொண்டுவரச் சொல்லி நின்றபடியே எழுதினார். அப்பு அதை வாங்கிக்கொண்டு ஓடி வந்து படித்துச் சொன்னார். சீட்டு ரத்து, திங்கட்கிழமை வேலாயி வேலைக்கு வரலாம் என்று எழுதியிருந்தது.

நல்லமுத்து எழும்பி ஸ்டோரைத் திறந்தான். கோடு போட்டான். ஒரு கோடு கோணவில்லை.

மேட்ச் முடிந்து கார்கள் போனதும் செக்ரட்டரி துரை சாவிக்காகக் கையை நீட்டினார். "திங்கட்கிழமை காலையில் வீடு காலியா இருக்கணும்" என்றார். வீரம்மா அதைக் கேட்டதும் சட்டி பானையைக் கட்ட ஆரம்பித்தாள். தோட்டத்தில் அவள் பேர் இருந்ததால், அவள் மத்தியானமே போய்க் கேட்டதற்கு மேல்லயத்தில் ஒரு காம்பரா தருவதாகத் தங்கவேலுக் கங்காணி சொல்லியிருந்தார்.

பொழுது சாயுமுன்னே நல்லமுத்து கடுதாசியை எடுத்துக்கொண்டு வேலாயி காம்பராவுக்குப் போனான். மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தாள். மூட்டை மேல் சின்னவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நல்லமுத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். கால் தன்னுடையது என்றும், வீடு போய்விட்டது என்றும் சொன்னான். அவள் கடுதாசியை வாங்கி மடியில் செருகினாள்.

"நீ புடுங்குனதைத்தான நீ கொண்டாந்து குடுக்குற? இதுக்கு நான் ஒன்னையக் கையெடுத்துக் கும்புடணுமா?"

"வேணாம் தாயி."

"தொரைக்குப் பயந்து மூணு நாளா இந்த லயத்துல ஒருத்தி எங்கூடப் பேசல. பெரட்டுல அத்தனை பேருக்கு முன்னால தலைகுனிஞ்சு நின்னேன். அதையும் தொரை எழுதிக் குடுத்தாரா?"

அவன் தலை நிமிராமலே, "திங்கக்கெழமை நாங்களும் இந்த லயத்துக்குத்தான் வர்றோம்" என்றான்.

"கங்காணி சொன்னாரு. மூணு காம்பரா சும்மா கெடக்குது. எதை வேணும்னாலும் எடுத்துக்க." வேலாயி பிள்ளையைத் தூக்கி இறக்கிவிட்டு மூட்டை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். "ஏஞ்செவுத்துக்குப் பக்கத்துக் காம்பரா மட்டும் வேணாம்."