மண்டபத்தில் இருமியவர்

முனிரத்தினம் மாமா ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் பவர்லூம் மெக்கானிக். தறிக்கூடத்து வாசலில் நின்றபடியே எந்தத் தறியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது.

அதே காதுக்கு ரஷ்ய சிம்பொனியும் பிடித்துப்போனது. ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்து வந்த முதலாளி மகள் மோனிகா கொடுத்த மெமரி கார்டில் ஒரே சிம்பொனி இரண்டு முறை இருந்தது. ஒன்று ஸ்டுடியோவில் எடுத்தது, இன்னொன்று கச்சேரி மண்டபத்தில். மண்டபப் பதிவில் பிடில்கள் கொஞ்சம் அவசரப்படும். மூன்றாம் பாகம் தொடங்கும் முன் யாரோ இருமுவார். மாமா விரும்பிக் கேட்பது இதைத்தான்.

"ஸ்டுடியோதான் மாமா சுத்தமா இருக்குது" என்றேன் ஒருமுறை.

"பாவு நூல் ஏத்தாம ஓட்டினா தறிகூட சுத்தமாத்தான் ஓடும். நூல் ஏறினாத்தான்டா அது இன்னா பண்ணுதுன்னு தெரியும்."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அவர் சொன்னதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் திடீரென்று, திருப்பதியில் காது டாக்டரைப் பார்க்க வேண்டும், துணைக்கு வா என்றார். நான்கு நாட்களாக அவர் வேலைக்கே போகவில்லை. புத்தூர் நெருங்கும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னார்.

"அந்த ஆள் இருமறது கேக்கலடா. தெனம் போட்டுப் பாத்துக்கினு கீறேன். முப்பது வருசத் தறிச் சத்தம் காதைத் துன்னுடுச்சு. இனிமே யாரு என்னைக் கூப்பிடுவாங்க?"

ஐந்து நாட்களுக்கு முன் அவருடைய புதுப் போனில் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தது நான்தான். உதவி என்று நினைத்து, ஒரு ஆப் போட்டு மண்டபப் பதிவின் இரைச்சலையெல்லாம் நீக்கியிருந்தேன். அவரிடம் சொல்லவும் இல்லை. படித்தவன் கை வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு யார் சொன்னது?

"மாமா, இருமலை நான்தான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? எங்கடா வெச்ச?"

நல்லவேளை, பழைய பதிவு என் போனில் இருந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பஸ் குலுங்கியது. சரியான இடத்தில் அவர் விரல் மேலே எழுந்தது.

"பாவி! நாலு நாளா சோறு எறங்கலடா எனக்கு!" அடிக்க ஓங்கிய கை என் தோளில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

"வந்தது வந்தோம், டெஸ்ட் எடுத்துடலாமே மாமா."

"எடுத்தாச்சுடா டெஸ்ட்டு. எறங்கு."

புத்தூரில் இறங்கியதுமே மனைவி கன்னிகாவுக்குப் போன் போட்டார். "காது நல்லாத்தான் கீது, கன்னிகா. அந்த ரஷ்யாக்காரனுக்குத்தான் இருமல் இன்னும் போகல."