உப்பு என்று சொல்லாதே

என் மகள் அழுதுகொண்டிருந்தாள். வாய் கோணியது, நெஞ்சு விம்மியது, ஆனால் கண்ணில் ஒரு துளி நீர் இல்லை. நெடுந்தீவில், என் அக்காவின் வீட்டில், ஒரு சித்திரை மாத நடுப்பகலில் அதைக் கண்டேன். அன்று அவளுக்கு ஏழு வயது. இப்போது பதினைந்து. லண்டனில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு குவளைத் தண்ணீரை அவள் குடிக்காமல் விட்டு எழுந்தால் இன்றைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போகிறேன். அதைப் பார்த்து அவள் சிரிப்பாள். என் மனைவி சிரிப்பதில்லை.

பதினாறு வருடங்களுக்குப் பிறகு அந்த முறைதான் ஊருக்குப் போனேன். மனைவிக்கு வேலையில் விடுப்புக் கிடைக்காததால் மகளை மட்டும் கூட்டிப்போனேன்.

"பங்குனி, சித்திரையிலை போகாதேங்கோ. அந்த வெய்யில் இவளுக்குத் தாங்காது" என்றாள் மனைவி.

பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான் வருகிறது என்றேன். அது உண்மைதான். வருடப்பிறப்பன்று ஊரில் நிற்கவேண்டும் என்ற என் ஆசையை அவளுக்குச் சொல்லவில்லை.

புங்குடுதீவில் லோஞ்ச் ஏறியபோது கடல் அசையாமல் கிடந்தது. கொண்டல் காற்று நின்றுபோயிருந்தது. சோழகக் காற்று இன்னும் எழும்பவில்லை. வருடத்தில் காற்றே இல்லாத அந்தச் சில வாரங்களில்தான் நாங்கள் போய்ச் சேர்ந்திருக்கிறோம் என்பது, தீவில் பிறந்த எனக்கு, லோஞ்சில் உட்கார்ந்த பிறகே நினைவுக்கு வந்தது.

அக்கா வாசல் படலையிலேயே செம்பில் தண்ணீரோடு நின்றாள். அயல் பெண்கள் நாலைந்து பேர் கல்வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே துப்பினாள்.

"அப்பா, உப்பு!"

வேலிக்கு அப்பால் சிரிப்பு எழுந்தது.

"லண்டன் துரைசாணிக்கு எங்கடை கிணத்துத் தண்ணி சரிவரேல்லை. கப்பலிலை போத்தில் இறக்குங்கோ அக்கா!" என்றாள் ஒருத்தி.

அக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் முகம் சுருங்கியதை நான் கண்டேன். "சவர்தான் பிள்ளை. கோடையிலை கூடிப்போகும். நான் நல்ல தண்ணிக் கிணத்திலை போய் அள்ளியாறன்" என்று குடத்தைத் தூக்கினாள். அந்தக் கிணறு ஒன்றரை மைல் தூரத்தில் இருந்தது. கோடையில் அங்கே வரிசையில் நின்று, ஊறி வரும்வரை காத்திருந்து அள்ளவேண்டும்.

"வேண்டாம் அக்கா. இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே நான் வளர்ந்தனான்" என்றேன், வேலிக்கு அப்பால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி.

பிறகு குனிந்து மகளின் காதில் சொன்னேன்: "உப்பு எண்டு இனிச் சொல்லக்கூடாது. மாமி கவலைப்படுவா. விளங்குதோ?"

அவள் தலையாட்டினாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

வீட்டின் பழைய அறைகளுக்கு ஓலைக் கூரை. ஒரு பக்கத்தில் புதிதாக ஓர் அறை கட்டித் தகரம் போட்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு நல்லதைத் தரவேண்டும் என்று அந்தத் தகரக் கூரை அறையைத்தான் எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஓலைக்குக் கீழே படுக்கிறோம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான்கு நாட்கள் மகள் வெயிலில் ஆட்டுக்குட்டிகளோடு ஓடித் திரிந்தாள். மாமி கொடுக்கும் செம்பை ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் வாங்கி, கொல்லைப் பக்கம் கொண்டுபோவாள். வெறும் செம்போடு திரும்புவாள். "நல்லாய்க் குடிக்கிறாள்" என்று அக்கா சந்தோஷப்பட்டாள். கொல்லையில் ஆடுகளுக்கான கல்தொட்டி இருந்தது.

நாலாம் நாள் பின்னேரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தலை இடிக்கிறது என்றாள். சாப்பிட்டதைக் கொஞ்சம் சத்தி எடுத்தாள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். அக்கா அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பினாள்.

"அம்மாள் வந்திட்டா தம்பி."

அம்மை நோயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்தக் கிழமை அதே ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் அம்மை போட்டிருந்தது. அரைமணி நேரத்துக்குள் எங்கள் படலையிலும் வேப்பிலை தொங்கியது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். வீட்டிலிருந்து யாரும் போகவும் கூடாது. அடுப்பில் தாளிப்பு இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டக் கூடாது. வெளியார் கண் படாமல் அறைக் கதவும் யன்னலும் சாத்தியிருக்கவேண்டும். மருந்து கூடவே கூடாது.

எல்லாவற்றையும் அக்காமேல் போட எனக்கு உரிமையில்லை. கொப்புளிப்பான் என்கிற இந்த அம்மைக்கு லண்டனிலும் மருந்து கொடுக்கமாட்டார்கள், வீட்டில் வைத்திருக்கத்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கோ படித்தது. ஆகவே என் படிப்பும் அக்காவின் பக்தியும் ஒரே இடத்தில் வந்து நின்றன. நான் நிம்மதியாக யன்னலைச் சாத்தினேன். அந்தப் பருக்களில் ஒன்றிலாவது நீர் கோத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை.

இரண்டு நாட்கள் அந்தத் தகரத்துக்குக் கீழே இருந்தோம். வேப்பிலை ஊறிய கிணற்றுத் தண்ணீரை அக்கா செம்பில் தருவாள். நான் மகளின் வாயில் வைப்பேன். உவர்ப்போடு கசப்பும் சேர்ந்திருந்தது. அவள் வாயில் வாங்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவாள். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த துவாய் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். அவள் உடம்பில் வியர்வை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் நடுப்பகலில்தான் அந்தக் கண்ணீர் இல்லாத அழுகை. கண் குழி விழுந்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளினேன்; மடிப்பு அப்படியே நின்றது. "அம்மா" என்று லண்டனில் இருக்கும் தாயைக் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவும் இல்லை.

நான் அவளைத் துவாயில் சுற்றித் தூக்கினேன். அக்கா படலையை மறித்து நின்றாள்.

"எங்கை கொண்டு போறாய்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஏலாது தம்பி. அம்மாள் இருக்கிற பிள்ளையை வெளியிலை எடுக்கேலாது. என்ரை மூத்தவனுக்கு வந்தநேரம் நீ இஞ்சை இல்லை. படிச்ச ஆக்கள் சொல்லுகினம் எண்டு கொண்டு போனனாங்கள். வெறுங்கையோடை வந்தனான்."

அவளைத் தள்ளிவிட்டுப் போவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் நின்றேன். அவள் பிள்ளை இறந்தபோது நான் அனுப்பியது ஒரு கடிதம்.

அக்காவின் கணவரான அத்தான் அதிகம் பேசாத மனிதர். அவர் கொல்லைப் பக்கத்திலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "விலத்து" என்றார் அக்காவிடம். அவ்வளவுதான்.

நான் பின்னால் கரியரில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வெண்கல் பாதை கண்ணைக் குத்தியது. ஒரு மரநிழல்கூடப் பாதையில் விழவில்லை. சூரியன் நேர் மேலே நின்றது. அத்தான் மூச்சு வாங்க மிதித்தார். அவளுடைய தலை ஒவ்வொரு குழிக்கும் என் நெஞ்சில் மோதியது. மோதும்போதெல்லாம் ஏதாவது முனகமாட்டாளா என்று காத்திருந்தேன். எந்தக் கோயிலுக்கும் எதையும் நேரவில்லை. 'தெரியாமல் செய்துவிட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன்' என்று மட்டும் யாருக்கோ சொல்லிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்தவர்கள் பிள்ளையின் தலைமயிரில் ஒட்டியிருந்த வேப்பிலையைக் கண்டதும் எழுந்து வெயிலுக்குள் போய் நின்றார்கள். அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போத்திக்கரி வயதான மனிதர். அவளை மர வாங்கில் கிடத்தி, முதுகைத் திருப்பி, கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"ஆர் சொன்னது அம்மாள் எண்டு?"

அவர் பருக்களின்மேல் விரலை ஓட்டினார்.

"எங்கை, ஒரு கொப்புளம் காட்டும் பாப்பம். இது வேர்க்குரு ஐசே! வெய்யில் பிள்ளையை அவிச்சுப் போட்டுது. எப்ப கடைசியாய்ச் சலம் போனவள்?"

"தெரியாது."

"நீர் தேப்பன்தானே? தண்ணி குடுத்தனீரோ?"

"ஓம். குடுத்தனாங்கள்."

"குடுத்தனீர். குடிச்சவளோ?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கல்தொட்டியும் நனைந்த துவாயும் ஒன்றாகக் கண்முன் வந்தன.

ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லை. ஒரு கையில் மூன்று இடம், மற்றக் கையில் இரண்டு இடம் குத்தினார். அவள் கையை இழுக்கவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நனைத்த சீலையால் அவளை மூடி, யன்னல்களைத் திறந்து, பனையோலை விசிறியை அத்தானின் கையில் கொடுத்தார். ஆறாவது குத்தில் இரத்தம் வந்தது. போத்தல் தொங்கியது. துளிகளைப் பார்த்துக்கொண்டு நான் நிலத்தில் இருந்தேன். மனைவிக்கு அனுப்பவேண்டிய தந்தியின் வார்த்தைகள் மனதுக்குள் தாமாக வந்து வரிசையில் நின்றன. அவற்றை விரட்ட முடியவில்லை.

வெயில் சாயும் நேரம் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. அக்கா. வேப்பிலை கட்டிய வீட்டை விட்டு வெளியே வந்திருந்தாள். இடுப்பில் குடம். நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போய், அங்கிருந்து நேரே நடந்து வந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை, குடத்தைப் படியில் வைத்துவிட்டு, விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு ஆற்றி அப்போத்திக்கரி என்னிடம் தந்தார். "கரண்டியாலை. ஒவ்வொரு மிடறாய். விழுங்குறாளோ எண்டு தொண்டையைப் பாரும்."

தொண்டையைப் பார்த்தேன். முதல் கரண்டி கடைவாயால் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதில் தொண்டை அசைந்தது. எத்தனை கரண்டி கொடுத்தேனோ தெரியாது. ஒரு கரண்டியில் அவள் முகத்தைச் சுளித்தாள். கண் திறந்தது. என்னைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற மாமியைப் பார்த்தாள். என்னை இன்னும் கிட்ட வரும்படி உதட்டை அசைத்தாள். காதை வாயருகில் கொண்டுபோனேன்.

"அப்பா, இதுவும் உப்பாயிருக்கு. மாமி நிக்கிறா. சொல்லலாமோ?"