வரைபடத்தின் மேல் ஒரு ரப்பர்

அப்பா இறந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் மூக்குக்கண்ணாடி, செருப்பு, ஒரு பென்சில் இருந்தன. கண்ணாடியையும் செருப்பையும் மகள் அம்மாவிடம் கொடுத்தாள். பென்சிலைத் தானே வைத்துக்கொண்டாள். அம்மா அதைக் கேட்கவில்லை. அந்தப் பென்சில்மேல் அம்மாவுக்குப் பழைய கோபம் உண்டு. துவைக்கப் போட்ட சட்டை ஒன்றுகூடக் கரிக்கோடு இல்லாமல் வந்ததில்லை.

வனத்துறை அலுவலகத்தில் அப்பாவின் பெயரே ‘பென்சில்’தான். பொதுக்காட்டில் எங்கே என்ன செய்வது, எங்கே கையை வைக்காமல் இருப்பது என்று திட்டம் போடுவது அவர் வேலை. எரிந்த சரிவில் எதை விதைப்பது, நெருக்கியடித்து வளர்ந்த மரங்களில் எதை எடுப்பது, அரித்துப்போன ஓடைக்கரையை எப்படித் தேற்றுவது, எல்லாம் அவர் மேஜைக்கு வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, ஒரு மனிதர் வரைபடத்தின் முன் நின்று காலையிலிருந்து பென்சிலால் காது குடைந்துகொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

திட்டம் எதுவானாலும் பொதுமக்கள் கூட்டம் நடத்த வேண்டும். மற்ற அதிகாரிகள் அச்சடித்த வரைபடத்தைச் சுவரில் மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டிவிட்டு, டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்பா அப்படிச் செய்யமாட்டார். வரைபடத்தை மேஜையில் விரிப்பார். திட்டத்தைப் பென்சிலால் வரைந்திருப்பார். பக்கத்தில் ஒரு ரப்பர் வைப்பார்.

“பிடிக்கலைன்னா அழிச்சிடுங்க. ஆனா அழிச்ச இடத்துல வேற கோடு போடணும். போட்ட கோட்டுல என்கூட நடக்கணும்.”

நடக்கணும் என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிப் பேர் ரப்பரைக் கீழே வைத்துவிடுவார்கள். காட்டோரம் தேன்பெட்டி வைத்திருந்த ஒருவர் மட்டும் எந்தக் கூட்டத்தையும் விடமாட்டார். வந்து எதையாவது அழித்துவிட்டுத்தான் போவார். “உங்ககூட நடந்தாத்தான் சார் எனக்குச் சர்க்கரை குறையுது” என்பார்.

வீட்டிலும் சாப்பாட்டு மேஜையில் காடுதான் விரிந்து கிடக்கும். தட்டை எங்கே வைப்பது என்று அம்மா கேட்டால், அப்பா ஒரு மலையை மடித்து இடம் கொடுப்பார். “காட்டையே வீட்டுக்குள்ள கொண்டாந்தாச்சு. கரடி ஒண்ணுதான் பாக்கி” என்பாள் அம்மா.

“அதான் நான் இருக்கேனே” என்பார் அவர்.

மகள் படித்துச் சாலைப் பொறியாளர் ஆனாள். பாலம் கட்டுவது அவள் வேலை. அப்பாவுக்கு அதில் கொள்ளை சந்தோஷம். “நீ ரோடு போடு, நான் காட்டு ரோட்டை எடுக்கறேன். நம்ம குடும்பத்துக்கு எப்பவும் வேலை இருக்கும்.”

ஓய்வு பெறுவதற்குமுன் அவர் போட்ட கடைசித் திட்டம் மேல் ஓடைச் சாலையைப் பற்றியது. ஒரு காலத்தில் மரம் ஏற்றிய லாரிகள் போன மண்சாலை அது. ஓடை குறுக்கிடும் இடத்தில், சாலைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய். குழாயின் வாய்க்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து பள்ளம் பறித்துவிட்டது. முட்டையிட மேலே போகிற மீன்கள் அதில் எம்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மழைக்கு மழை சாலையோர மண் சரிந்து ஓடையில் கலக்கும். அப்பா முடிவு பண்ணிவிட்டார். குழாயைப் பிடுங்குவது, இறுகிய தரையைக் கிளறுவது, வெளியே கொட்டிய மண்ணைச் சரிவிலேயே திரும்பப் போடுவது, புல் விதைப்பது. சாலையே இருக்காது.

அந்தச் சாலையின் முடிவில் பாறைகளுக்கு நடுவே ஓடை தேங்கி நிற்கும் ஒரு மடு உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா ஜீப்பில் அங்கே போய் உட்கார்ந்திருப்பார். முட்டி தேய்ந்துபோன மனிதர். சரிவில் ஏறி இறங்க முடியாது. சாலை போனால் மடுவும் போச்சு. அது அவருக்கும் தெரியும்.

அம்மா மகளுக்குப் போன் செய்தாள். “உங்கப்பா தன் காலைத் தானே வெட்டிக்கறார். நான் சொன்னா மரம் மாதிரி நிக்கறார். நீ வந்து கேளு.”

மகள் நேரே கூட்டத்துக்கே வந்தாள். பள்ளிக்கூட மண்டபம். இரும்பு நாற்காலிகள், மின்விசிறிச் சத்தம். மேஜைக்குப் போனாள், ரப்பரை எடுத்தாள், மேல் ஓடையைச் சுற்றி அப்பா போட்டிருந்த கோட்டைச் சுத்தமாக அழித்தாள்.

தேன்பெட்டிக்காரர் எழுந்து நின்று பார்த்தார். “என்ன சார், வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சியா?”

மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். “பொதுமக்கள் வேற கோடு போடணும்.”

குழாய் இருந்த இடத்தில் மகள் அகலமான ஒரு பாலம் வரைந்தாள். அடியில் மீன் போகட்டும், மேலே சாலை இருக்கட்டும்.

“அழகா இருக்கு. நாளைக்கு மழை வரும்னு சொல்றாங்க, நல்லதாப் போச்சு. நடப்போம்” என்றார் அப்பா.

மறுநாள் நல்ல மழை. ஜீப்பைச் சாலை தொடங்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தார்கள். அப்பா கைத்தடியை ஊன்றி மெதுவாக வந்தார். முதல் வளைவில் மகள் ஓரமாகக் கால் வைத்தாள். மண் பொதுக்கென்று உள்ளே போனது. குனிந்து பார்த்தாள். மண்ணுக்கு அடியில் மட்கிய மரத்துண்டுகள், விரலால் நசுக்கினால் மாவாகிற மாதிரி. அந்தக் காலத்தில் சரிவை வெட்டி, வெட்டிய மரங்களின் கழிவைக் கீழே அடுக்கி, மேலே மண்ணைக் கொட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள். மரம் மட்கிவிட்டது. சாலையின் வெளிப்பாதி வெறும் நம்பிக்கையில் நின்றுகொண்டிருந்தது.

ஓடைவரை போய்ப் பார்த்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பினார்கள். கண்ணாடியில் மழை வழிந்தது. வரைபடம் இருவர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது.

“பாலம் நிக்கும்பா. பாலத்துக்குப் போற வழி நிக்காது.”

“ம்.”

“முன்னாடியே தெரியும்தானே? நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நம்பியிருப்பியா? நீ உங்கம்மா பொண்ணு.”

மகள் தன் பாலத்தைத் தானே அழித்தாள். ஆனால் பென்சிலைத் திருப்பித் தரவில்லை. சாலையின் உள்பக்கம் மலையை வெட்டிய பக்கம். அது கெட்டியான தரை. வெளிமண்ணை எடுத்துவிட்டு உள்பக்கத்தில் ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும் விட்டால்? ஓடையைக் குறுகலான இடத்தில் தாண்டாமல், கீழே பரந்து ஆழமில்லாமல் ஓடுகிற இடத்தில் மிதிகல் போட்டுத் தாண்டினால்? வளைவுக்கு வளைவு உட்கார ஒரு கல். அவள் கோடு போட்டுக்கொண்டே போனாள். அப்பா எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“வேண்டாம்மா. எனக்காகக் காட்டுல திட்டம் போடக் கூடாது. இத்தனை வருஷம் நான் அப்படி ஒரு கோடு போட்டதில்லை.”

“உங்களுக்குன்னு யார் சொன்னா? இது பொதுக்காடுதானே?”

“ஆமா.”

“முட்டி வலிக்கறவங்க பொதுமக்கள் இல்லையா?”

அப்பா மழையைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். “இந்த வளைவுல ஏத்தம் ஜாஸ்தி” என்றார். “பென்சிலைக் குடு.” அந்த ஓர் இடத்தை மட்டும் அழித்து, கோட்டை இன்னும் கொஞ்சம் சுற்றிக் கொண்டுபோனார்.

“இறங்குங்க” என்றாள் மகள்.

“எதுக்கு?”

“போட்ட கோட்டுல நடக்கணும்.”

அன்று அவர் வாங்கிய மூச்சும் முனகிய முனகலும் காட்டுக்கே கேட்டிருக்கும். பாதை இல்லாத இடங்களில் அவள் முன்னால் புதரை ஒதுக்கினாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மிதிகல் வர வேண்டிய இடத்தில் முழங்கால்வரை நனைந்தார்கள். மடுவுக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. அப்பா பாறையில் உட்கார்ந்து காலை நீட்டினார். “எதிர்க்கட்சி ஜெயிச்சிடுச்சு” என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் பொக்லைன் வந்தது. குழாயைப் பிடுங்கிய அன்று அம்மா பிளாஸ்கில் காபியோடு முதல்முறையாக மடுவரை வந்தாள். “இதுக்குத்தானா இத்தனை வருஷம்?” என்று கேட்டுவிட்டு மடுவைப் பார்த்து உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று அப்பாதான் கடைசியில் கிளப்ப வேண்டியிருந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாகவே நடந்து போனார்கள்.

ஒருநாள் மகள் அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது.

“வந்துட்டாங்க” என்றார் அப்பா. குரலில் கல்யாணக் களை.

“யாருப்பா வந்தது?”

“மீனுங்கதான், வேற யாரு? மடுவுல நிக்குது. உங்கம்மா எண்ணிட்டிருக்கா. ஒண்ணையே மூணு தடவை எண்ணறா.”

பின்னால் அம்மா திட்டுவது கேட்டது.

அவர் போன பிறகு மகள் முதல்முறையாகத் தனியே அந்தப் பாதையில் போனாள். பென்சில் சட்டைப் பையில் இருந்தது. கிளறிய தரையில் புல் இடுப்புயரம் நின்றது. சாலை எங்கே இருந்தது என்று வரைந்தவர்களுக்குத்தான் தெரியும். அப்பா சுற்றிக் கொண்டுபோன வளைவில் உட்காரும் கல் வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கைத்தடி சத்தம் கேட்டது. வயதான ஓர் அம்மாள், முன்பின் தெரியாதவர், மெல்ல ஏறி வந்தார். “கொஞ்சம் நகர்ந்துக்கம்மா” என்று பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

“சரியா மூச்சு முட்டற இடத்துல கல்லைப் போட்டிருக்கான் பாரு. முட்டி வலி தெரிஞ்ச எவனோதான் இந்தப் பாதையைப் போட்டிருக்கணும்.”

“ஆமாங்க” என்றாள் மகள். “எங்கப்பா.”

அந்த அம்மாள் திரும்பி அவளை ஒரு முறை முழுசாகப் பார்த்தார். “அப்படியா? நல்லா இருக்காரா?”

மகள் பையிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “மேல மடுவுல மீன் இருக்கும்” என்றாள். “வாங்க, காட்டறேன். மெதுவாவே போகலாம்.”