நிஸ்பார் தட்டும் வரைக்கும்

போன கிழமை எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம். அலுமாரிக்கு மேல் கிடந்த, வெற்றிலை வைக்கும் பித்தளை வட்டாவை என் மனைவி இறக்கி, பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். அந்தப் புளித்த பித்தளை வாசம் குசினியிலிருந்து வந்ததுதான் தாமதம், எனக்குக் கலியாணமாவது மண்ணாவது. நான் பாடசாலை பேண்ட் குழுவில் சிம்பல் அடித்தவன். போட்டிக்கு முதல் நாள் அந்த இரண்டு தட்டையும் இப்படித்தான் தேய்ப்போம்.

சிம்பல் அடித்தேன் என்று சொல்வதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலில் ட்ரம்பெட் தந்து பார்த்தார்கள். காற்றுத்தான் போனது, சத்தம் வரவில்லை. கடைசியில் பேண்ட் மாஸ்டர் சலித்துப்போய் இரண்டு தட்டையும் என் கையில் திணித்தார். நாலு எண்ணி ஒருதரம் மோத வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் மூன்றிலேயே மோதிவிடுவேன். பக்கத்தில் சைட் டிரம் அடித்த நிஸ்பார் கண்ணாலேயே எனக்குக் கணக்குச் சொல்லுவான். அவன் புருவம் ஏறினால் நான் அடிப்பேன். என் சிம்பலையும் சேர்த்து அவன்தான் வாசித்தான் என்று வையுங்களேன்.

நிஸ்பார், எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினாரின் மகன். சாய்ந்தமருதில் எங்கள் பாடசாலை மைதானமும் அந்தப் பள்ளிவாசலும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கம். பேண்ட் தொடங்கிய புதிதில் இதெல்லாம் மார்க்கத்துக்கு ஆகுமா என்று ஊரில் ஒரு கதை கிளம்பியது. மாஸ்டர் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரிடம் போய்ப் பேசி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பாங்கு சொல்லும்போது ஒரு குச்சியும் விழாது என்பதுதான் அந்த வாக்கு. சரி, அத்தனை பேர் ஊதி அடிக்கும் இரைச்சலில் பாங்கு யாருக்குக் கேட்கும்? நிஸ்பாருக்குக் கேட்கும். அவன் குச்சியைத் தூக்கி அப்படியே நிறுத்துவான். உடனே எல்லோரும் நின்றுவிடுவோம். நான் சிம்பல் இரண்டையும் நெஞ்சோடு அணைத்து அதன் அதிர்வை அடக்குவேன். பாங்கு முடிந்ததும் அவன் டிரம்மின் விளிம்பில் ஒரேயொரு 'டக்'. விட்ட இடத்திலிருந்து எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவோம்.

பின்னேரத்து அசர் பாங்கு ஒரு நாளும் தவறுவதில்லை. ஆகவே எங்கள் பயிற்சியும் ஒரு நாளும் நடுவில் நிற்காமல் நடந்ததில்லை. அந்த நிற்றலும் தொடங்குதலும் பாட்டின் ஒரு பகுதி போலவே எங்கள் உடம்பில் ஊறிப்போயிற்று.

மகன் டிரம் அடிப்பதில் மோதினாருக்கு அரை மனம்தான். மதரசாவுக்கு அனுப்ப நினைத்திருந்தார். அம்பாறையில் மாவட்டப் போட்டி என்றதும் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"கப்போட வந்தா பொறகும் அடி, மனே. இல்லாட்டி குச்சிய மாஸ்டர்ட்டக் குடுத்துட்டு ஓதப் போ. சரியா?"

"ஓம் வாப்பா" என்றான் நிஸ்பார். அந்தக் கிழமை முழுக்க அவன் மேசையைக் கண்டாலும் தட்டினான், என் முதுகைக் கண்டாலும் தட்டினான்.

போட்டியன்று பஸ் சம்மாந்துறை வயல்களைத் தாண்டும்போதே இறைச்சி ரொட்டியெல்லாம் தீர்ந்துவிட்டது. எங்கள் முறை வர அசர் நேரமாகிவிட்டது. முதல் பாட்டில் ஒரு பிழையுமில்லை. நானே நாலில்தான் மோதினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கப்பு எங்களுக்குத்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில் நிஸ்பாரின் குச்சி மேலே போனது. இறங்கவில்லை.

நாங்கள் நின்றுவிட்டோம். நின்ற பிறகுதான் எனக்கும் கேட்டது. டவுன் பக்கமிருந்து, காற்றில் மெல்லிசாக, பாங்கு. நாங்கள் வாக்குக் கொடுத்தது எங்கள் ஊர் மரைக்கார்மாருக்கு. அது அம்பாறை மைதானத்திலும் செல்லுமா என்று யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை. ஒலிபெருக்கியில் சிங்களத்தில் என்னவோ கேட்டார்கள். ஓரத்தில் நின்ற மாஸ்டர் தலையில் கை வைத்தார். பிறகு கையை இறக்கி அவரும் நேராக நின்றார். நிஸ்பாரின் கண் நிறைந்திருந்தது. நேரம் ஓடுவது அவனுக்குத் தெரியும், கப்பும் அதோடு ஓடுவது தெரியும். ஆனாலும் குச்சி இறங்கவில்லை.

பாங்கு முடிந்தது. 'டக்.'

அப்படி ஒன்றாக நாங்கள் ஒரு நாளும் தொடங்கியதில்லை. பித்தளையும் தோலும் ஒரே மூச்சில் எழும்பின.

நேரம் கடந்துவிட்டது என்று புள்ளிகளை வெட்டிவிட்டார்கள். ஓர் இடமும் கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒரு பருத்த மனிதர் எங்களிடம் வந்து, "யாரு கவுண்ட் குடுத்தது?" என்று பாதித் தமிழில் கேட்டார். நாங்கள் பயத்தில் நிஸ்பாரைப் பார்த்தோம். அவர் நிஸ்பாரின் டிரம் விளிம்பை விரலால் ஒருதரம் தட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது நிஸ்பார் டிரம்மை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். குச்சிகளை அப்போதே மாஸ்டரிடம் கொடுத்துவிட்டான். பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன் பஸ் ஊருக்கு வந்தது. பள்ளிவாசல் கேற்றடியில் மோதினார் நின்றார்.

"கப்பு எங்க மனே?"

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "மாமா, அடிக்கக்குள்ள அசர் பாங்கு கேட்டுச்சு. நாங்க நிண்டுட்டம்" என்றேன்.

"எவடத்த?"

"கிரவுண்ட் நடுவுல."

"முடியுமட்டும் நிண்டயா?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம் வாப்பா."

பாங்கு சொல்ல உள்ளே போனார். அன்றைய மஃரிப் பாங்கில் ஓரிடத்தில் அவர் குரல் உடைந்ததை ஊரே கேட்டது. தொழுகை முடிந்து வெளியே வந்தவர், "மாஸ்டர், அந்தக் குச்சியக் குடுங்க" என்று வாங்கி மகன் கையில் வைத்தார். "நாளைக்குப் பிராக்டிஸ் இல்லையா? நேரத்தோட போ" என்றார்.

அதன்பிறகு நிஸ்பார் பாடசாலையை விட்டுப் போகும் வரைக்கும் அடித்தான். நாங்கள் கப்பும் எடுத்தோம். ஆனால் அந்தப் போட்டிகளில் ஒன்றுகூட எனக்குச் சரியாக நினைவில் இல்லை.

பிறகு கடல் எழும்பி ஊருக்குள் வந்த அந்தக் காலை. நிஸ்பாருக்குக் கலியாணம் முடிந்து கடற்கரையோரம் வீடு. அவனையும் எங்கள் வாத்திய அறையையும் ஒரே தண்ணீர்தான் கொண்டுபோனது. அன்று நண்பகல் லுஹருக்கு, சேற்றில் நின்றுகொண்டு, மைக் இல்லாமல், மோதினார்தான் பாங்கு சொன்னார். அன்றைக்கு அவர் குரல் எங்கும் உடையவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இப்போது மோதினாரும் இல்லை. மதிலும் இல்லை, அந்த இடத்தில் மாடிக் கட்டிடம் நிற்கிறது. நாலு பள்ளிவாசல்களிலிருந்து பாங்கு ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது.

வட்டா தேய்த்து முடிந்த நேரம் அசருக்குப் பாங்கு சொன்னார்கள். நான் முற்றத்தில் நின்றேன். மனைவி வட்டாவைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"பாங்கு முடிஞ்சி எவ்வளவு நேரம்! இன்னும் என்னத்துக்கு நிக்கிறீங்க?"

"போறன்" என்றேன். கால் நகரவில்லை. அந்த 'டக்' இன்னும் விழவில்லையே.