பூவாடைக்காரிக்குத் தீட்டிய பாவாடை

ஒன்பது வயதில் ஒரு சாயங்காலம் நான் சாமியாக இருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மீசை வைத்த ஆம்பளைகள் வரிசையில் வந்து என் காலில் விழுந்தார்கள். ஆனால் அந்தச் சாமி அன்று மத்தியானம் ஒரு திருட்டுத்தனம் பண்ணியிருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சங்கராபுரத்துப் பக்கம் எங்கள் ஊர். கல்யாணம் காணாமல் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாகக் கும்பிடுவோம். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி அப்பாவுக்கு அக்கா. ஒன்பது வயதில் கிணற்றில் விழுந்தவள். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் அவளிடம் உத்தரவு கேட்காமல் நகராது. புதுப் பாவாடை ஒன்றை மணைப்பலகையில் வைத்து, காலையிலேயே சாமி அறையைச் சாத்திவிடுவார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் திறக்கும்போது துணியில் ஏதாவது அடையாளம் இருந்தால் அவள் வந்து போனாள் என்று அர்த்தம். இல்லையென்றால் அந்த இடத்தைக் கைகழுவிவிட வேண்டியதுதான். இதற்கு முன் படைத்த பாவாடைகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. எல்லாம் ஒரே அளவு. எத்தனை வருஷமானாலும் அவளுக்கு ஒன்பது வயதுதானே. அந்தப் பெட்டி இருக்கும் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்.

அந்த வருஷம் சின்ன அத்தைக்கு வெள்ளிமலையிலிருந்து ஒரு இடம் வந்தது. சின்ன அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. மாப்பிள்ளைக்கு அது ரெண்டாந்தாரம். வயது என் அப்பாவைவிட ஜாஸ்தி. அத்தை வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள், அழுதாள், ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். யார் காதில் ஏறியது? கடைசியில் அவள் செத்துப்போன அக்காவைத்தான் நம்பினாள். முன்னே வந்த ரெண்டு இடமும் அக்கா உத்தரவு கொடுக்காமல் தட்டிப்போனவை.

அத்தை கள்ளக்குறிச்சியில் துணியில் பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவள். படைக்க வேண்டிய பாவாடையை இந்தத் தடவை அவளே தைத்து, வெள்ளைக் காட்டன் துணியில் கார்பன் தாள் வைத்து வரைந்து, குண்டுக் குப்பிகளில் இருந்த சிவப்பையும் பச்சையையும் தொட்டுத் தொட்டுச் செம்பருத்தியாகப் போட்டாள். முடிக்கும்போது படைக்கிற நாளே விடிந்துவிட்டது. "ஒரு நாள் காயணும் அண்ணா, அப்புறம் திருப்பிப் போட்டு இஸ்திரி போடணும். இல்லன்னா ஒட்டிக்கும்" என்றாள். அப்பாவுக்கு நல்ல நேரம் போய்விடுமே என்ற கவலை. ஈரத்தோடே கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"அவ வரமாட்டா பாரு கண்ணு" என்று அத்தை என் காதில் சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு தெம்பு.

மத்தியானம் கிணற்றிலிருந்து கரகம் எடுத்துவர எல்லாரும் போனார்கள். என்னை வீட்டுக்குக் காவல் வைத்தார்கள். நல்ல காவல்! படைப்பதற்கு முன்னால் அவள் துணியை எவள் உடுத்தினாலும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று அம்மா நூறு தடவை சொல்லியிருந்தாள். பயம்தான். ஆனால் அந்தச் செம்பருத்திகள்! தாழ்ப்பாளை நீக்கினேன்.

பாவாடை எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவளுக்கும் என் வயதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஈரப் பூக்கள் சில்லென்று முழங்காலில் ஒட்டின. அந்த இருட்டறையில் என் பக்கத்திலேயே, என் உயரத்திலேயே, யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. அது என்னுடையதுதானா என்று பார்க்க மூச்சைப் பிடித்தேன். அதுவும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அங்கே நிற்க எனக்கென்ன பைத்தியமா? அவிழ்த்து, கைக்கு வந்தபடி மடித்து வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

விளக்கு வைத்துக் கதவைத் திறந்தார்கள். மணைமேல் பாவாடை. இடுப்புப்பட்டியின் வெள்ளையில் சிவப்பாக ஒரு சின்னக் கை, ஐந்து விரலும் பதிந்து.

என் கைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கே முதுகு சில்லிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். அப்பா மண்டியிட்டு, "அக்கா... வந்துட்டியாக்கா" என்று ஒரு சின்னப் பையன் குரலில் கேவினார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அத்தை அந்தக் கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துப்போய், துணியில் மண்ணெண்ணெய் நனைத்து என் நகக்கண்ணில் இருந்த சிவப்பை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"அவ என்னக் கூட்டிக்கினு போயிடுவாளா அத்த?" என்றேன்.

"ஒண்ணும் போமாட்ட. யாருகிட்டயும் மூச்சு வுடாத, இன்னா?" துடைத்த துணியைச் சுருட்டி வேலிக்கு அப்பால் எறிந்தாள்.

உத்தரவு கிடைத்தால் அந்தத் துணியை வீட்டில் ஒரு சின்னப் பெண்ணுக்கு உடுத்தி, பூவாடைக்காரியாகவே உட்கார வைத்து வாய்வார்த்தை கேட்பது வழக்கம். வீட்டில் சின்னப் பெண் நான் ஒருத்திதான். சற்றுமுன் திருட்டுத்தனமாகக் கட்டியதை இப்போது மேளத்தோடு கட்டினார்கள். பெரிய தாத்தா கைகூப்பி நின்றார்.

"தாயி, ஒந்தங்கச்சிக்கு இந்த எடத்த முடிச்சுடலாமாம்மா?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ஆமாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று பட்டது. தலையாட்டினேன்.

அந்தக் கை என்னுடையது என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தக் கல்யாணம் நின்றிருக்கும். சொல்லியிருந்தால் நான் படைக்கும் முன் துணியை உடுத்தியவள் ஆகியிருப்பேன். எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் அம்மா எமனைக் கண்டிருப்பாள். இதெல்லாம் நான் ரெண்டு பிள்ளை பெற்ற பிறகு புரிந்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

கல்யாணப்பெண் கடைசியாக விழ வேண்டும். அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள் எழுந்திருக்கவேயில்லை. அம்மா சொல்லிக்கொடுத்தபடி, "நல்லா இரு" என்று சொல்லித் திருநீறு பூசக் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம்தான் கும்பிடுவாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.